ஹெல்ப் கேட்டால் எரர் வருகிறதா? சப்கமாண்ட் ஹெல்ப் ஆப்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் மாலை நேரத்தில் லினக்ஸும் பைத்தானும் சொல்லித் தருகிறேன். நீடாமங்கலம், கோட்டூர், திருத்துறைப்பூண்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கமாண்ட் புரியவில்லை என்று ஹெல்ப் கேட்பார்கள், அந்த ஹெல்ப்பே எரர் கொடுக்கும். இங்கிலீஷும் புதிது, டெர்மினலும் புதிது என்று இருக்கிறவருக்கு அந்த நிமிடத்தில் மனசு விட்டுப்போகும். சிலர் அதோடு நின்றும் போயிருக்கிறார்கள். அது எனக்குத் தாங்கவில்லை. வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு ஏற்பாடு: கமாண்டுகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். '--ஹெல்ப்' என்றால் இரண்டு சிறு கோடு, '-எச்' என்றால் ஒரு சிறு கோடு. உதாரணத்துக்கு ஒரு டூல் வேண்டுமே. நெல் வியாபாரி ஒருவருக்காக நான் பைத்தானில் எழுதிய 'நெல்' என்ற சின்ன டூலையே எடுத்துக்கொள்கிறேன். அதில் 'எடை', 'ஈரம்', 'ரசீது' என்று மூன்று சப்கமாண்டுகள்.

சார், சப்கமாண்ட் என்றால் என்ன? ஹெல்ப் ஒன்றுதானே இருக்கும்?

ஒன்று இல்லை. நம் ஊர் ஆற்றை வைத்தே பாருங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றை விடுகிறது. இன்னும் கீழே வந்து நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஒவ்வொரு தலைப்புக்கும் தனி ஷட்டர், தனி அளவுகோல். மன்னார்குடிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிய வேண்டுமானால் மூணாறு தலைப்பில் போய்ப் பார்க்க வேண்டும், கல்லணையில் நின்றால் தெரியாது.

'நெல்' என்பது தலை. 'நெல் எடை' ஒரு கிளை. 'நெல் --ஹெல்ப்' என்றால் எந்தெந்தக் கிளை இருக்கிறது என்று வரும். 'நெல் எடை --ஹெல்ப்' என்றால் எடைக்கு உரிய ஆப்ஷன்கள் வரும். 'நெல் --ஹெல்ப் எடை' என்று மாற்றிப் போட்டால், கமாண்ட் வரியைப் படித்துப் பிரிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் நூலகம் போன்றவற்றில் தலையே ஹெல்ப்பைப் பிடித்துக்கொண்டு தன் பக்கத்தைக் காட்டிவிட்டு முடித்துவிடும். பின்னால் 'எடை' என்று இருப்பதை அது பார்ப்பதே இல்லை. "நான் கேட்டது வேறு, வந்தது வேறு" என்று வருகிறவர்கள் முதலில் '--ஹெல்ப்' எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

இந்தப் பக்கம் முழுக்க நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: அந்த '--ஹெல்ப்' என்ற சொல்லை வழியில் யார் எடுத்துக்கொண்டார்கள்? ஷெல்லா (நாம் தட்டும் வரியை வாங்கி ஓட்டும் நிரல்), நடுவில் நிற்கும் வேறு டூலா, தலையா, கிளையா? அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லா டூலுக்கும் '--ஹெல்ப்' போட்டால் வராதா?

வராது. லினக்ஸின் அடிப்படை டூல்கள் பலவற்றை எழுதிய குனு திட்டத்தின் நிரல் எழுதும் நெறிகள், எல்லா நிரலும் '--ஹெல்ப்', '--வெர்ஷன்' இரண்டையும் ஏற்க வேண்டும் என்கின்றன. ஆனால் எல்லா டூலும் அந்தக் குடும்பம் இல்லை.

அமேசான் கிளவுடுக்கான ஏடபிள்யூஎஸ் டூலில் கோடே இல்லாமல் 'ஏடபிள்யூஎஸ் எஸ்3 ஹெல்ப்' என்று கடைசியில் போட வேண்டும். லினக்ஸில் நெட்வொர்க் பார்க்கும் 'ஐபி' கமாண்டும் அப்படித்தான்: 'ஐபி அட்ரஸ் ஹெல்ப்'. கோ மொழியின் டூலில் 'கோ பில்ட் --ஹெல்ப்' என்றால் ஒரு வரி சொல்லிவிட்டு, விவரத்துக்கு 'கோ ஹெல்ப் பில்ட்' போடு என்று அதுவே வழிகாட்டும். விண்டோஸின் பழைய கமாண்டுகளுக்குச் சாய்கோடும் கேள்விக்குறியும், '/?'. குறியாக்க டூலான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒற்றைக் கோடு '-ஹெல்ப்'.

அதனால் எரர் வந்ததும் பதற வேண்டாம். அந்த எரரின் கடைசி வரியைப் படியுங்கள். 'ட்ரை' என்று தொடங்கும் வரி இருந்தால் சரியான வடிவம் அங்கேயே எழுதியிருக்கும். பிள்ளைகள் முதல் வரியைப் பார்த்ததுமே திரையைத் துடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

'-எச்' போட்டேன், வேறு என்னவோ நடந்தது. ஏன்?

'-எச்' என்ற ஓரெழுத்தைப் பல டூல்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. 'டிஎஃப் -எச்' டிஸ்க் அளவை மனிதர் படிக்கும் விதத்தில் காட்டும். சொல் தேடும் 'கிரெப் -எச்' ஃபைல் பெயரை மறைக்கும். 'டாக்கர் ரன் -எச்' கன்டெய்னருக்கு (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஹோஸ்ட் பெயர் வைக்கும். டேட்டாபேஸ் டூல்களான போஸ்ட்கிரெஸின் 'பிஎஸ்க்யூஎல்'லிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் '-எச்' என்றால் எந்த சர்வர் என்று சொல்வது.

இதில் ஒரு பொறி உண்டு. ஒரு கோட்டை விட்டுவிட்டு 'பிஎஸ்க்யூஎல் -ஹெல்ப்' என்று தட்டினால், முதல் எழுத்து 'எச்' ஆப்ஷனாகி, மிச்சம் இருக்கும் 'எல்ப்' சர்வரின் பெயராகிவிடும். 'எல்ப்' என்ற ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்று எரர் வரும். அந்தப் பெயரில் சர்வர் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவி அரைமணி நேரம் தேடினார். தப்பு அவருடையது இல்லை, இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

தெரியாத டூலில் '-எச்' வேண்டாம், முழுச் சொல்லாகவே போடுங்கள். நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட், ரஸ்ட் மொழியின் கார்கோ இரண்டிலும் '-எச்' சுருக்கமும் '--ஹெல்ப்' முழு விவரமும் தரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த கமாண்டை அப்படியே ஒட்டினேன். '--ஹெல்ப்' சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் 'அன்ரெகக்னைஸ்டு ஆர்க்யுமென்ட்' என்கிறது.

சரியாகத் தெரிவதுதான் பிரச்சினை. ஃபோன் கீபோர்டும் வேர்ட் ஆவணமும் இரண்டு சிறு கோட்டைச் சேர்த்து ஒரு நீளக் கோடாக மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, டூலுக்கு அது ஏதோ ஒரு எழுத்து. அழித்துவிட்டு இரண்டு கோட்டையும் கையால் தட்டுங்கள். இரண்டு கோட்டுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இடைவெளியோடு நிற்கும் '--'க்கு "ஆப்ஷன்கள் இத்தோடு முடிந்தன" என்று வேறு பொருள்.

'கிட் கமிட் --ஹெல்ப்' போட்டால் 'நோ மேனுவல் என்ட்ரி' என்று வருகிறது. கிட் உடைந்துவிட்டதா?

இல்லை. கிட்டில் '--ஹெல்ப்' என்பது 'கிட் ஹெல்ப் கமிட்' என்று கேட்பதற்குச் சமம். லினக்ஸில் அது 'மேன்' என்ற கையேட்டு நிரலைக் கூப்பிடுகிறது, கையேடு இல்லையென்றால் அந்த வரிதான் வரும். விண்டோஸில் அதே கேள்வி பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்தவரும் உண்டு, அது கிட்டின் இயல்பு.

கையேடு ஏன் இல்லாமல் போகிறது? டாக்கர் படிமங்களிலும் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) சுருக்கப்பட்ட உபுண்டு படிமங்களிலும் இடத்தை மிச்சப்படுத்தக் கையேட்டுப் பக்கங்களை நிறுவாமல் விட்டுவிடுகிறார்கள். உபுண்டு படிமத்தில் 'அன்மினிமைஸ்' என்ற கமாண்ட் அவற்றைத் திரும்பக் கொண்டுவரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் 'கிட் கமிட் -எச்' போதும். அது கையேட்டைத் தேடாது, ஆப்ஷன் பட்டியலை நேராகத் திரையில் போடும்.

இன்னொரு விஷயம். நீங்களே 'கிட்-நெல்' என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பாத்தில் (ஷெல் கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்கள்) போட்டால், 'கிட் நெல்' என்று அதைச் சப்கமாண்டாகக் கூப்பிடலாம். ஆனால் 'கிட் நெல் --ஹெல்ப்' உங்கள் ஸ்கிரிப்டுக்கு வந்து சேராது. கிட் அதைப் பிடித்துக்கொண்டு 'கிட்-நெல்' என்ற கையேட்டைத் தேடும். '-எச்' மட்டும் உங்கள் ஸ்கிரிப்டுக்கு வரும். அதனால் ஸ்கிரிப்டில் '-எச்'சைக் கட்டாயம் கையாளுங்கள்.

கையேடு திறந்துவிட்டது, வெளியே வரத் தெரியவில்லை என்றால் 'க்யூ' எழுத்தை அழுத்துங்கள்.

ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் டூல் வழியாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு ஹெல்ப் கேட்டால் என்பிஎம்மின் ஹெல்ப்தான் வருகிறது.

நடுவில் நிற்கிறவர் வாங்கிக்கொண்டார். 'என்பிஎம் ரன் பில்ட் -- --ஹெல்ப்' என்று நடுவில் தனியாக இரண்டு கோடு போடுங்கள். அதற்குப் பின்னால் இருப்பதை என்பிஎம் தொடாமல் கீழே அனுப்பும். கார்கோவிலும் அதே: 'கார்கோ ரன் -- --ஹெல்ப்'.

டாக்கரில் தலைகீழ். படிமத்தின் பெயருக்கு முன்னால் இருப்பதுதான் டாக்கருக்கு, பின்னால் இருப்பதெல்லாம் உள்ளே போய்விடும். 'டாக்கர் ரன் உபுண்டு --ஹெல்ப்' என்றால் '--ஹெல்ப்' என்ற பெயரில் ஒரு நிரலை உள்ளே தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லும்.

பைத்தானின் க்ளிக் நூலகத்தில் எழுதிய டூல் '-எச்' போட்டால் 'நோ சச் ஆப்ஷன்' என்கிறது.

க்ளிக் இயல்பாக '--ஹெல்ப்' மட்டுமே தரும். 'கான்டெக்ஸ்ட் செட்டிங்ஸ்' வழியாக 'ஹெல்ப்_ஆப்ஷன்_நேம்ஸ்' பட்டியலில் '-எச்', '--ஹெல்ப்' இரண்டையும் கொடுங்கள். தலைக் குழுவில் ஒருமுறை கொடுத்தால் கிளைகளுக்கும் இறங்கும்.

சப்கமாண்டுக்கு ஹெல்ப் கேட்டால் டேட்டாபேஸ் கனெக்ஷன் எரர் வருகிறது. ஹெல்ப்புக்கு எதற்கு டேட்டாபேஸ்?

இதை நானே செய்திருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

'நெல்' டூலின் முதல் வடிவத்தை க்ளிக்கில் எழுதினேன். எல்லாச் சப்கமாண்டுக்கும் டேட்டாபேஸ் வேண்டும் என்பதால், இணைப்பு எடுக்கும் வரியைத் தலைக் குழுவின் ஃபங்ஷனில் வைத்தேன். என் மேசையில் அழகாக ஓடியது. தை மாதம், சம்பா அறுவடை நேரம். வியாபாரியின் குடோனில் மூட்டை வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்டர்நெட் இல்லை. கணக்கு எழுதும் தம்பி, நெட் இல்லாமல் எடையை ஃபைலில் ஏற்றும் ஆப்ஷன் என்ன என்று பார்க்க 'நெல் எடை --ஹெல்ப்' தட்டியிருக்கிறான். சர்வர் கிடைக்கவில்லை என்று நாற்பது வரி எரர். நெட் இல்லாதபோது பயன்படட்டும் என்று நான் வைத்த ஆப்ஷனை நெட் இல்லாமல் அவனால் படிக்கவே முடியவில்லை. இரவு 9 மணிக்கு ஃபோன் செய்து, "அண்ணே, உதவின்னு கேட்டாலே திட்டுதுண்ணே" என்றான். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

காரணம் இதுதான். க்ளிக்கில் 'நெல் எடை --ஹெல்ப்' என்று வந்தால், முதலில் தலைக் குழுவின் ஆப்ஷன்கள் படிக்கப்படும், பிறகு அதன் ஃபங்ஷன் ஓடும், அதற்கு அப்புறம்தான் 'எடை' தன் பங்கைப் படிக்கும். '--ஹெல்ப்' எடையின் பங்கில் இருக்கிறது. தலையில் ஓடும் எது உடைந்தாலும் எடையின் ஹெல்ப் வராது. தலைக் குழுவில் ஓர் ஆப்ஷனைக் கட்டாயம் என்று வைத்தாலும் இதே கதி: 'மிஸ்ஸிங் ஆப்ஷன்' என்று அங்கேயே நின்றுவிடும்.

கோ மொழியின் கோப்ரா நூலகம் இதில் வேறு மாதிரி. கிளைக்கு ஹெல்ப் கேட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் முன்னால் ஓட வேண்டிய ஃபங்ஷன்களை ஓட்டும்.

தீர்வு: தலையில் இணைப்பு எடுக்காதீர்கள். இணைப்பு எடுக்கும் ஃபங்ஷனை மட்டும் கான்டெக்ஸ்டில் (க்ளிக் தலையிலிருந்து கிளைக்குக் கொண்டுபோகும் பை) வைத்துவிட்டு, 'எடை' உண்மையில் வேலை தொடங்கும் வரியில் அதைக் கூப்பிடுங்கள். கான்ஃபிக் ஃபைல் படிப்பது, லாகின் சரிபார்ப்பது எல்லாவற்றுக்கும் இதே வழி. கமாண்ட் வரியில் '--ஹெல்ப்' இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத் தப்பிக்கும் குறுக்கு வழியைச் சிலர் செய்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு நாள் யாராவது அந்தச் சொல்லையே மதிப்பாகக் கொடுப்பார்கள், டூல் தடுமாறும்.

எழுதி முடித்ததும் நெட்டைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு சப்கமாண்டுக்கும் ஹெல்ப் கேட்டுப் பாருங்கள். அன்றிலிருந்து நான் இதைச் செய்யாமல் எந்த டூலையும் யாரிடமும் கொடுப்பதில்லை.

டூல் நன்றாக ஓடுகிறது. '--ஹெல்ப்' போட்டால் மட்டும் 'அன்சப்போர்ட்டட் ஃபார்மேட் கேரக்டர்' என்று உடைகிறது.

ஹெல்ப் வாசகத்தில் சதவீதக் குறி இருக்கிறதா பாருங்கள். கொள்முதல் நிலையத்தின் வழக்கமான ஈரப்பத வரம்பை வைத்து, 'ஈரம்' சப்கமாண்டில் ஓர் ஆப்ஷனுக்கு "17% வரை ஏற்கலாம்" என்று ஹெல்ப் எழுதினேன். ஆர்க்பார்ஸ் ஹெல்ப் வாசகத்தில் '%' வந்தால் அங்கே ஏதோ மதிப்பை நிரப்பச் சொல்கிறார்கள் என்று நினைக்கும். அடுத்து 'வ' என்ற எழுத்தைப் பார்த்ததும் இது என்ன வகை என்று தெரியாமல் நின்றுவிடும். வாசகம் '17%' என்றே முடிந்தால் 'இன்கம்ப்ளீட் ஃபார்மேட்' என்று வரும். '%%' என்று இரட்டித்து எழுதினால் சரி.

எங்கே உடைகிறது என்பதை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம். 'நெல் ஈரம் --ஹெல்ப்' உடைந்தால், குறி ஈரத்தின் ஏதோ ஓர் ஆப்ஷனில் இருக்கிறது. 'நெல் --ஹெல்ப்' உடைந்து கிளைகள் நன்றாக இருந்தால், சப்கமாண்டைச் சேர்க்கும்போது கொடுத்த ஒரு வரி அறிமுகத்தில் இருக்கலாம், ஏனென்றால் அந்த வரியைக் காட்டுவது தலைதான். 'டிஸ்கிரிப்ஷன்' பத்தியில் வரும் தனிச் சதவீதக் குறி பெரும்பாலும் பிரச்சினை செய்யாது.

'கான்ஃப்ளிக்டிங் ஆப்ஷன் ஸ்ட்ரிங்: -எச்' என்று டூல் தொடங்கும்போதே நிற்கிறது.

இரண்டு காரணம். ஒன்று, ஈரப்பதத்துக்கோ ஹோஸ்டுக்கோ நீங்களே '-எச்' வைத்திருப்பீர்கள். ஆர்க்பார்ஸ் ஒவ்வொரு பார்சருக்கும் (தலைக்கோ கிளைக்கோ உரிய, வரியைப் படிக்கும் பகுதி) அதைத் தானாகவே ஹெல்ப்புக்கு எடுத்திருக்கும். வேறு எழுத்து வையுங்கள். ஹெல்ப்பிலிருந்து பிடுங்க வழி இருக்கிறது, ஆனால் பழகிய கை அங்கேதான் போகும். இரண்டாவது, பொது ஆப்ஷன்களை ஒரு பார்சரில் வைத்து 'பேரன்ட்ஸ்' மூலம் கிளைகளுக்குக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பொதுப் பார்சருக்கு 'ஆட்_ஹெல்ப்' ஃபால்ஸ் என்று சொல்ல மறந்தால் இரண்டு '-எச்' வந்து மோதும்.

வெறும் 'நெல்' என்று தட்டினால் ஹெல்ப் வரவேண்டும். அதற்குப் பதில் 'நேம்ஸ்பேஸில் ஃபங்க் இல்லை' என்று வருகிறது.

பைத்தான் 3-இல் ஆர்க்பார்ஸ் சப்கமாண்டைக் கட்டாயம் என்று எடுத்துக்கொள்வதில்லை, அதனால் சப்கமாண்ட் கொடுக்க வேண்டிய 'ஃபங்க்' (ஓட்ட வேண்டிய ஃபங்ஷன்) வராமலே போகிறது. 'ஆட்_சப்பார்சர்ஸ்' அழைப்பில் 'ரிக்வயர்ட்' ட்ரூ என்றும், 'டெஸ்ட்'டுக்கு ஒரு பெயரும் கொடுங்கள். இல்லையென்றால் 'ஃபங்க்' இல்லாதபோது 'பிரின்ட்_ஹெல்ப்' கூப்பிடுங்கள். புதியவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது.

ஹெல்ப்பைத் தமிழில் எழுதலாமா? உடைந்துவிடாதா?

எழுதுங்கள். கண்டிப்பாக எழுதுங்கள். கணக்கு எழுதும் தம்பிக்கு அதுதான் உண்மையான உதவி.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். விண்டோஸில் திரையில் தமிழ் நன்றாக வரும், ஆனால் 'நெல் --ஹெல்ப்' வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பினால் 'யூனிகோட் என்கோட் எரர்' வரலாம். திரைக்கு எழுதும்போது பைத்தான் 3.6-இலிருந்து யூனிகோட் வழியில் போகிறது. ஃபைலுக்கோ பைப்புக்கோ போகும்போது கணினியின் பழைய குறியீட்டுத் தொகுப்புக்கு மாறிவிடும், அதில் தமிழ் கிடையாது. 'பைத்தான் -எக்ஸ் யுடிஎஃப்8' என்று ஓட்டுங்கள், இது 3.7-இலிருந்து இருக்கிறது.

இரண்டாவது, வரிசை கோணும். 'மூட்டை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானின் எண்ணிக்கையில் 6, ஏனென்றால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. ஆர்க்பார்ஸ் அந்த எண்ணை வைத்துத்தான் இடம் விடுகிறது. ஆப்ஷன் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து, வலப்பக்க விளக்கத்தை மட்டும் தமிழில் எழுதினால் வரிசை நிற்கும்.

ஹெல்ப்பில் ஒரு சொல்லைத் தேட கிரெப்புக்கு அனுப்பினேன். எல்லா வரியும் வருகிறது.

அந்த டூல் ஹெல்ப்பை எரர் பாதையில் எழுதுகிறது, பைப்புக்குள் போகாமல் அது நேராகத் திரைக்கு வந்துவிடுகிறது. பைப்புக்கு முன்னால் '2>&1' சேருங்கள்.

ஸ்கிரிப்டில் 'கிட் கமிட் -எச்' வைத்தேன். ஹெல்ப் வந்ததும் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது.

கிட் சப்கமாண்டின் '-எச்' 129 என்ற வெளியேறு குறியீட்டோடு முடிகிறது. தோல்வி வந்ததும் நிற்கச் சொல்லும் 'செட் -ஈ' போட்ட ஸ்கிரிப்ட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும். ஆர்க்பார்ஸில் ஹெல்ப் கேட்டால் 0, தப்பான ஆப்ஷனுக்கு 2.

'எக்கோ --ஹெல்ப்' அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்கிறது.

பாஷ் என்ற ஷெல்லில் எக்கோ ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கமாண்ட். 'ஹெல்ப் எக்கோ' என்று கேளுங்கள். எந்தப் பெயராக இருந்தாலும் 'டைப்' என்ற சொல்லோடு சேர்த்துத் தட்டினால் அது உள்ளே இருப்பதா, ஏலியஸா (வேறு கமாண்டுக்கு வைத்த மாற்றுப்பெயர்), தனி ஃபைலா என்று தெரியும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் 'கர்ல்' என்பதே வேறொரு கமாண்டின் ஏலியஸ். அங்கே 'கர்ல்.எக்ஸி' என்று முழுப்பெயரோடு கூப்பிட்டால் உண்மையான கர்லின் ஹெல்ப் வரும்.

எல்லாம் பார்த்தேன் சார், இன்னும் வரவில்லை. உங்களிடம் என்ன அனுப்பட்டும்?

தட்டிய வரியை அப்படியே எழுத்தாக அனுப்புங்கள். ஃபோட்டோ வேண்டாம், கோடு ஒன்றா இரண்டா என்று படத்தில் தெரிவதில்லை. எரரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அனுப்புங்கள். தலைக்கு ஹெல்ப் வருகிறதா, பக்கத்துச் சப்கமாண்டுக்கு வருகிறதா என்று இரண்டையும் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். டூலின் பதிப்பு எண், 'டைப்' கொடுத்த பதில், எந்த ஷெல் என்பதும் வேண்டும். செவ்வாய், வியாழன், சனி மாலை வகுப்பில் இருப்பேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேரில் வந்தாலும் சரி, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.